வீரனும் வகுப்பும்: மேசையாட்டத்திலும் கூத்துக் களரியிலும் கதைத்தலைவர் அடையும் மாற்றம்

1. பிரச்சினை

ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் சுட்டப்படும் இரு கருத்துகளைத் தமிழ் இரண்டு சொற்களாற் பிரித்துணர்த்தும். உற்பத்தியிலே மக்கள் பெறும் இடத்தையும் அவ்விடத்தால் அவர்களிடையே விளையும் உறவுகளையும் கருதும்போது வர்க்கம் என்கிறோம். மனிதரையோ பொருள்களையோ ஏதேனுமொரு பண்பு நோக்கி இனப்படுத்தும்போது வகுப்பு என்கிறோம். இக்கட்டுரையின் பொருள் இரண்டாவதாகக் கூறப்பட்ட வகுப்பாகும். எனினும் வகுப்பை ஆராயப் புகுவோர் இறுதியில் வர்க்கத்திடம் வந்தடையாது தப்ப முடியாது என்பது கட்டுரை நிகழும் போக்கிலே தெளிவாகும்.

அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டு வெளியான 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' (நிலவறைகளும் பறவைநாகங்களும்) என்னும் மேசையாட்டம், அதுவரை கதைகளில் மட்டும் வாழ்ந்த வீரரைப் 'போர்வீரன்', 'மந்திரவாதி', 'பூசகன்' என வகுப்புகளாக்கிற்று. சிலர் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, வாய்மொழியாலும் பகடையாலும் கதையொன்றை நடத்திச் செல்வதே இவ்வாட்டமாகும். பாத்திரம் ஒவ்வொன்றும் ஒரு வகுப்பிற்கு உரியது. அதன் வலிமையும் அறிவும் உயிரும் எண்களாற் குறிக்கப்படும். இன்று கணினி விளையாட்டுகளிற் பல இம்முறையின் வழிவந்தவை. எனவே கிளிநொச்சியிலோ கனடாவின் ரொறன்ரோவிலோ கைத்தொலைபேசியில் விளையாடும் தமிழ் இளைஞனொருவன், தான் அறிந்தோ அறியாமலோ, இவ்வகுப்புகளின் ஊடாகவே வீரத்தைக் காணப் பழகுகிறான்.

வீரரை வகுத்தல் எமக்குப் புதியதன்று. எமது இலக்கண நூலாரும் கூத்தரும் அதனை நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளனர். ஆகவே இரு வகுப்பு முறைகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடைத்து. கதைத்தலைவன் ஒருவன் வகுப்பாக மாறும்போது அவனிடமிருந்து எது எடுத்துக்கொள்ளப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதே எமது வினா. இவ்வினாவை இறுதியில் வன்னிப் பெருநிலத்தின் அக்கராயன் என்னும் ஊரிலே வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

2. படையிலிருந்து தனிவீரனுக்கு

இவ்வாட்டத்தின் மூலம் போர்ப்பயிற்சியிலே உள்ளது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விற்ஸ் என்பார் 1812 இல் அரசனுக்குக் காட்டிய போராட்டத்தை அவர் மகன் 1824 இல் திருத்தியமைத்த வடிவம் படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்பட்டது. நிலப்படத்தின்மீது கட்டைகளை நகர்த்தி, இழப்பைப் பகடையாற் கணித்தனர். ஒரு கட்டை ஒரு படைப்பிரிவைக் குறித்தது. தனிமனிதனுக்கு அங்கே இடமில்லை. அவன் இறப்பு ஒரு கணக்கின் பின்னமாகவே தோன்றிற்று.

இருபதாம் நூற்றாண்டிலே இப்பயிற்சி பொழுதுபோக்காயிற்று. 1969 இல் மினசோட்டா மாநிலத்திலே டேவிட் வெஸ்லி என்பவர் நடத்திய ஆட்டமொன்றில், படைகளை நடத்துவோரோடு ஊரிலுள்ள தனிமனிதர் பாத்திரங்களும் ஆடுவோருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவ்வழியிலே டேவ் ஆர்னெசன் ஒரு கற்பனை நாட்டை அமைத்துத் தொடர்ந்து ஆடுவித்தார். 1971 இல் கரி கைகக்ஸ், ஜெஃப் பெரன் ஆகியோர் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போராட்ட நூலின் பின்னிணைப்பிலே கற்பனைக் கதைகளின் வீரர் இடம்பெற்றனர். அங்கே 'வீரன்' என்பவன் நால்வருக்குச் சமமாகப் போர் செய்பவன்; 'பெருவீரன்' எண்மருக்குச் சமமானவன். கைகக்ஸும் ஆர்னெசனும் இணைந்து உருவாக்கிய 1974 ஆம் ஆண்டு ஆட்டத்திலும் இக்கணக்கு எஞ்சி நின்றது. போர்வீரன் நான்காம் படிநிலையை எய்தும்போது 'வீரன்' என்ற பட்டத்தையும் எட்டாம் படிநிலையிலே 'பெருவீரன்' என்ற பட்டத்தையும் பெற்றான்.

வீரம் என்பது நால்வரின் உழைப்புக்கு ஈடான அளவு எனக் கொள்ளப்பட்டமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பழைய வீரயுகப் பாடல்களிலும் ஒருவன் பலரை எதிர்த்து நிற்பது போற்றப்படுகிறது. ஆயின் அங்கே அவன் யாருக்காக நின்றான், யாருடைய உணவை உண்டு நின்றான், யாருடைய கண்முன்னே நின்றான் என்பவற்றிலிருந்து அந்நிலையைப் பிரித்தெடுத்தல் இயலாது. பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில ஆய்வு, பாணனையும் புரவலனையும் ஒரே சமூகத்தின் இரு கூறுகளாகக் கண்டதன் சிறப்பு இதுவே. ஆட்டத்தின் வீரனுக்குப் பாணன் இல்லை. அவன் புகழ் அவனுடைய தாளிலே எண்ணாக எழுதப்பட்டுள்ளது.

3. மூன்று கதைத்தலைவர்

1979 ஆம் ஆண்டு நடுவர் கைந்நூலின் பின்னிணைப்பொன்றிலே, தமக்குத் தூண்டுதலளித்த எழுத்தாளரின் பெயர்களைக் கைகக்ஸ் தாமே பட்டியலிட்டார். அதே காலப்பகுதியிலே 'டிராகன்' சஞ்சிகை, பெயர்பெற்ற கற்பனைக் கதைகளின் வீரரை ஆட்டத்தின் வகுப்புகளுக்கும் எண்களுக்கும் பெயர்க்கும் பகுதியொன்றைத் தொடர்ந்து வெளியிட்டது. இங்ஙனம் பெயர்க்கப்பட்டோருள் மூவரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவன், ஜே. ஆர். ஆர். ரொல்கீன் 1954-55 இல் வெளியிட்ட பெருங்கதையின் அரகோர்ன். அவன் காட்டிலே அலைந்து மக்களைக் காக்கும் மறைந்துறை அரசன். 1975 இல் அவனை முன்மாதிரியாகக் கொண்டு 'ரேஞ்சர்' எனப்படும் வனக்காவலன் வகுப்பு அமைக்கப்பட்டது. கதையிலே தொலைவு காட்டும் பளிங்கு உருண்டையை அரகோர்ன் நோக்குவது முக்கியமான நிகழ்ச்சியாகும். அவ்வுருண்டை அவன் முன்னோருக்குரியது. அதனை நோக்குதல் அரசுரிமையை நிலைநாட்டும் செயல். ஆட்டத்திலோ வனக்காவலன் எவனும் உயர்ந்த படிநிலையை எய்தியதும் தொலைவறியும் மந்திரக் கருவிகளைக் கையாளலாம் என விதிக்கப்பட்டது. உரிமை திறமையாயிற்று. முடியாட்சி மீது எமக்கு மோகமில்லை. ஆயினும் பிறப்புரிமையை நீக்கிய அதே கை, மக்களைக் காக்கும் கடனையும் பெரும்பாலும் துடைத்துவிட்டமை கருதத்தக்கது.

இரண்டாமவன், றொபேட் ஈ. ஹவார்டின் கோனன். 1932 டிசெம்பரில் இக்கதைகளில் முதலாவது வெளிவந்தபோதே கோனன் அரசனாக இருந்தான். கொடுங்கோலனைக் கொன்று அரியணை ஏறிய நாட்டுப்புறத்து அந்நியன் அவன். உலகப் பொருளாதார வீழ்ச்சி அமெரிக்காவை உலுக்கிய ஆண்டுகளிலே டெக்சாஸ் மாநிலத்துச் சிற்றூரொன்றிலிருந்து எழுதிய ஹவார்ட், நாகரிகம் என்பது அழுகிய மாளிகை என்ற ஐயத்தைக் கோனனின் வாயிலாக வெளியிட்டார். 1980 ஏப்ரலில் 'டிராகன்' சஞ்சிகையிலே கைகக்ஸ் கோனனைப் போர்வீரனும் கள்வனுமாக வகுத்து, அவன் ஆற்றல் வயதோடு எவ்வாறு வளர்ந்து தேயும் என அட்டவணையிட்டார். 1982 இல் 'நாகரிகமற்றோன்' என்ற தனி வகுப்பும் வந்தது. நாகரிகத்தின் மீதான ஹவார்டின் குற்றச்சாட்டு அங்கே மந்திரப் பொருள்களை வெறுக்கும் இயல்பாகச் சுருங்கிற்று. விமரிசனம் மனப்பான்மையாகி, மனப்பான்மை விதியாயிற்று.

மூன்றாமவன், ஃபிரிட்ஸ் லைபர் 1939 முதல் எழுதிய கதைகளின் கள்வன், 'சாம்பல் எலியான்' என்பவன். கள்வர்க்குச் சங்கமும் ஒழுங்கும் கொண்ட பெருநகரிலே, அச்சங்கத்துக்கும் கட்டுப்படாது திரிபவன் அவன். 1975 இல் கள்வன் வகுப்பு தோன்றியபோது பூட்டுத் திறத்தல், ஓசையின்றி நடத்தல் முதலியன நூற்றுவீதமாக அளக்கப்பட்டன. நகரம் எவ்வாறு கள்வனைப் படைக்கிறது என்ற வினா விதிநூலில் இல்லை.

மூவரிடத்தும் ஒரே செயன்முறை தொழிற்பட்டுள்ளது. அவர்கள் செய்யவல்லவை எடுத்துக்கொள்ளப்பட்டன. யாரோடு எவ்வுறவில் நின்று செய்தனர் என்பது விடப்பட்டது. உழைப்பாளியை அவனது உழைப்புச் சக்தியாக மட்டும் காணும் சந்தையின் பார்வைக்கும் இதற்கும் உள்ள உறவை விரித்துரைக்க வேண்டியதில்லை.

4. பொன்னும் பிறப்பும்

வகுப்பு வளரும் முறையையும் நோக்குதல் வேண்டும். பாத்திரம் படிநிலை உயர்வதற்கு 'அனுபவப் புள்ளி' வேண்டும். தொடக்க விதிகளின்படி அரக்கரைக் கொல்வதாற் கிடைத்த புள்ளிகள் சிறியன. நிலவறையிலிருந்து மீட்டு வந்த செல்வமே பெரும்பங்கைத் தந்தது. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. அனுபவமும் பொன்னும் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க பொருள்களாகிவிட்டன. ஒன்பதாம் படிநிலையிலே போர்வீரன் 'பிரபு' ஆவான். காட்டுநிலத்தை அரக்கரிடமிருந்து துப்புரவாக்கிக் கோட்டை எழுப்பி, குடிகளை அமர்த்தி, வரி பெறுவான். வழிப்பறியிலே தொடங்கி நிலவுடைமையிலே முடியும் இவ்வாழ்க்கை வரலாறு, மூலதனத்தின் ஆதித் திரட்சி பற்றி மார்க்ஸ் எழுதியதை நினைவூட்டுவதாகும்.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது பிறப்பாலமைந்த எல்லையாகும். 1974 ஆம் ஆண்டு விதிகளிலே மனிதனுக்கு உயர்ச்சி எல்லை இல்லை. குள்ளர் இனத்தவன் போர்வீரனாக ஆறாம் படிநிலைக்கு மேல் உயர முடியாது. ரொல்கீனின் கதைகளிலிருந்து எடுக்கப்பட்ட சிற்றுருவினன் நான்காம் படிநிலையோடு நின்றுவிட வேண்டும். 1978 ஆம் ஆண்டு விதிநூலிலே பெண் பாத்திரத்தின் உடல் வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு இடப்பட்டது. எவ்வளவு திறம்படச் செயலாற்றினும் பிறந்த இனமும் பாலும் உயர்ச்சியை வரையறுக்கும் ஏற்பாட்டை எமது சமூகத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் அதனைக் கண்டவர்கள் நாம்.

ஆனால் இவ்வாட்டத்தின் வரலாற்றிலே ஒரு நன்மையும் உண்டு. அதன் விதிகள் எழுதப்பட்டவை. ஆதலால் எதிர்க்கப்பட்டுத் திருத்தப்பட்டன. பெண்ணுக்கிட்ட உச்சவரம்பு 1989 ஆம் ஆண்டுப் பதிப்பிலும், இனங்களுக்கிட்ட படிநிலை எல்லை 2000 ஆம் ஆண்டுப் பதிப்பிலும் நீங்கின. 2024 ஆம் ஆண்டு விதிநூல், மனிதரை இனம்பிரிக்கப் பயன்பட்ட ஆங்கிலச் சொல்லையே விடுத்து, உயிரினங்களைக் குறிக்கும் பிறிதொரு சொல்லை மேற்கொண்டது. எழுதப்படாத விதிகள் இவ்வளவு எளிதிலே மாறுவதில்லை என்பதைக் கூத்து வரலாறு காட்டும்.

5. களரியில் வீரன்

வீரத்தை வகுத்த எமது மரபுகளுள் தொன்மையானது தொல்காப்பியப் புறத்திணையியல். வெட்சி முதலாகப் பாடாண் ஈறாக அது கூறும் திணைகள் வீரனை வகுப்பனவல்ல. அவன் நிற்கும் நிலைமையை வகுப்பன. ஆநிரை கவர்தல், மதில் முற்றுகை, எதிர்நின்று பொருதல் என்பன செயல்கள் மட்டுமல்ல. இரு சமூகக் கூட்டங்களுக்கிடையே நிகழும் உறவுகளுமாகும். ஆயின் வாகைத் திணையை விரிக்குமிடத்து, பார்ப்பனர், அரசர் முதலியோருக்குத் தனித்தனிப் பக்கங்கள் கூறப்படுகின்றன. வடமொழி நாட்டியசாத்திரமும் தலைவரை நால்வகைப்படுத்தித் தேவர், அரசர், அமைச்சர், அந்தணர், வணிகர் முதலானோருக்குப் பகிர்ந்தளிக்கும். வெற்றியும் பண்பும் பிறப்போடு பிணைக்கப்படுவதை இங்கே காண்கிறோம்.

ஈழத்துக் கூத்திலே இவ்விரு போக்குகளும் ஒருங்கே உள்ளன. வடமோடி, தென்மோடி என்ற பிரிவுக்கேற்ப ஆடலும் உடையும் முடியும் வேறுபடும். அரசன், அமைச்சன், முனிவன், வேடன், பெண் என ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் உரிய தாளக்கட்டு உண்டு. அருச்சுனனாயினும் கர்ணனாயினும் களரிக்கு வரும்போது முதலில் 'அரச வரவு' என்னும் பொதுவடிவத்துள் நுழைந்தே தன்னை வெளிப்படுத்துவான். இது வகுப்பே, ஆடுவோனின் உடலிலே எழுதப்பட்ட வகுப்பு. மேசையாட்டத்து நடுவரின் இடத்திலே இங்கு அண்ணாவியார் நிற்கிறார். அவர் குரலும் உடலும் பார்த்துப் பாத்திரத்தை வழங்குவார், மாதக்கணக்கிலே பழக்குவார்.

வேறுபாடு எங்கே உளதெனின், கூத்தன் தன் வகுப்பைத் தனியே உடைமையாக்கிக் கொள்வதில்லை. அவன் தோற்பதும் வெல்வதும் ஊரறிந்த கதை, பகடையால் மாறாதது. கர்ணன் இறப்பான் என்பது களரியைச் சுற்றியிருக்கும் முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். எனவே அவன் எவ்வளவு வலியன் என்பதைவிட, செஞ்சோற்றுக் கடனுக்கும் உடன்பிறப்புக்கும் இடையே அவன் எவ்வாறு நெருக்குண்டான் என்பதே விடியும்வரை பார்ப்போரை இருத்துகிறது. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை அரங்கேற்றியபோது படித்த நகரத்தவரையும் அவை கவர்ந்தமைக்கு இவ்வுறவுச் சிக்கலே காரணம் எனலாம்.

எனினும் கூத்தை வெறுமனே போற்றுதல் ஆய்வாளருக்கு அழகன்று. எந்த ஊரில் எந்தச் சாதியார் ஆடலாம், யார் முன்னிருந்து பார்க்கலாம் என்பவை எழுதப்படாத விதிகளாக நிலவின. பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினர். மேசையாட்டம் எந்தப் பெண்ணும் எந்தச் சாதியாரும் அரசனாக அமரத்தக்க இருக்கையைத் தந்தது. கூத்தோ அரசனது கடனை ஊரறியக் காட்டிற்று. ஒன்றிலே உறவு இல்லை. மற்றதிலே வாயில் திறந்திருக்கவில்லை.

6. முருகனின் இரு வடிவங்கள்

இம்முரண்பாடு ஓர் உதாரணத்தால் விளங்கும். 1980 இல் இவ்வாட்டத்துக்கெனப் பல நாட்டுத் தெய்வங்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியாயிற்று. இந்தியத் தெய்வங்கள் பற்றிய பகுதியிலே காளியும் இந்திரனும் இடம்பெற, கார்த்திகேயன் என்ற பெயரிலே முருகனும் இடம்பெற்றான். ஏனைய தெய்வங்களைப் போல அவனுக்கும் உயிர்ப்புள்ளியும் காப்பு எண்ணும் கொடுக்கப்பட்டன. உயிர்ப்புள்ளி உள்ள எதனையும் கொல்லலாம் என்பது ஆட்டத்தின் தருக்கம். பக்தர் மனம் நோகும் என்பது எமது வாதமன்று. வள்ளியும் குறவரும் தினைப்புனமும் இல்லாத முருகன், வேல் தாங்கிய வலிமையின் அளவாகவே எஞ்சினான் என்பதைச் சுட்டுவதே எமது நோக்கம்.

இதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்னர் யாழ்ப்பாணத்திலே முருகன் வேறொரு பாத்திரத்தை ஏற்றிருந்தான். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலிலே ஆலய நுழைவுப் போராட்டம் நிகழ்ந்தது. அதனை அடுத்து என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை' கூத்து மரபைத் தழுவி மேடையேற்றப்பட்டது. அதிலே கந்தன் அடைத்த கதவுக்கு வெளியே நின்ற மக்களின் பக்கம் சேர்ந்தான். அக்காலத்திலேயே சி. மௌனகுருவின் 'சங்காரம்', தேவர்-அசுரர் போரின் ஆட்ட வடிவத்தைச் சாதி, வர்க்கம் முதலிய சமூகத் தீமைகளுக்கு எதிரான உழைப்பாளர் போராட்டத்துக்குப் பயன்படுத்திற்று. இவ்விரு படைப்புகளும் வகுப்பைக் கைவிடவில்லை. அதே வரவையும் அதே தாளத்தையும் வைத்துக்கொண்டன. வீரன் யாருக்குக் கடன்பட்டவன் என்பதையே மாற்றின. பழைய உருவத்துக்குள் புதிய உறவைப் புகுத்த முடியும் என்பதற்கு இவை சான்றாகும்.

7. அக்கராயனில் ஒரு சோதனை

கிளிநொச்சி நகரின் மேற்குப்புறத்தே குளத்தையும் வயலையும் காட்டையும் கொண்டு அமைந்தது அக்கராயன். அவ்வூர்ப் பெயரைப் பண்டைய குறுநில மன்னன் ஒருவன் பெயராகக் கொள்வது ஊர் மரபு. இருபதாம் நூற்றாண்டிலே குளங்கள் புனரமைக்கப்பட்டுக் குடியேற்றங்கள் தோன்றியபோது குடாநாட்டிலிருந்து நிலமற்றோர் கிளிநொச்சிப் பகுதிக்கு வந்தனர். 1958, 1977 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் விரட்டப்பட்ட மலையகத் தமிழரும் வன்னியிலே குடியமர்ந்தனர். 2008 இல் போர் இப்பகுதியை அடைந்தபோது மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலைக் கண்டு, முகாம்களிலே வாழ்ந்து, பின்னரே மீண்டனர். உயிரை மட்டும் காத்துச் சென்ற அவ்விடப்பெயர்விலே மத்தளமும் கூத்துக் கொப்பியும் எத்தனை தப்பியிருக்கும் என்பது ஊகிக்கத்தக்கது.

இவ்வூர் வாசிகசாலையொன்றிலே ஐந்து இளைஞரும் யுவதிகளும் அமர்ந்து, மேசையாட்டத்தை எமது கதைத்தலைவரைக் கொண்டு ஆட முற்படுகின்றனர் என வைத்துக்கொள்வோம். காத்தவராயனை எந்த வகுப்பிலே சேர்ப்பது? வேடம் மாறி மாறி ஆரியமாலையைக் காணச் செல்வதால் அவனைக் கள்வன் எனலாம். மாரியம்மன் மைந்தனாதலால் பூசகன் எனலாம். மல்லாடுவதால் போர்வீரன் எனலாம். மூன்றும் பொருந்தும், மூன்றும் பிழைக்கும். காத்தவராயன் கூத்து சிந்துநடையிலே நகர்ந்து கழுமரத்திலே உச்சம் அடைகிறது. சாதி எல்லையைக் கடந்த காதலுக்காக ஒருவன் கழுமரம் ஏறும்போது, அவன் வலிமை எண்ணால் அளக்கத்தக்கதன்று. அவனை ஏற்றிய சமூகத்தின் வன்மமே அங்கு அளக்கப்படுகிறது. ஆகவே அவனுக்கான விதியை எழுதுவோர் முதலில் எழுத வேண்டியது, அவன் கடக்கும் ஒவ்வோர் எல்லைக்கும் ஊர் விதிக்கும் தண்டனையாகும். எல்லை இல்லாத உலகிலே காத்தவராயன் வெறும் மாறுவேடக்காரனாவான்.

பண்டாரவன்னியனின் நிலை வேறு. அவன் 1803 ஆகஸ்ட் மாதத்திலே முல்லைத்தீவிலிருந்த பிரித்தானியரின் கோட்டையைக் கைப்பற்றியதும், அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேக் அவனைத் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுக் கல் கூறுவதும் வரலாறு. முல்லைமணி அவனை நாடகத் தலைவனாக்கினார். மேசையாட்டத்திலே அவன் இலகுவாகப் 'பிரபு' ஆகிவிடுவான்: கோட்டை, படை, வரி யாவும் உள. ஆனால் வன்னிபங்களின் அதிகாரம் எதிலே நின்றது? காடு சூழ்ந்த நிலத்திலே குளத்தைக் காத்து நெல் விளைவித்த குடிகளின் உழைப்பிலும், ஒல்லாந்தருக்குத் திறையாகச் செலுத்தப்பட்ட யானைகளிலும் அது நின்றது. யானையைப் பிடித்தவர் யார், அதனால் மாண்டவர் யார் என்பதைக் கல் கூறாது. அந்நியரை எதிர்த்த வன்னியனின் துணிவை மதிப்போர், அவன் களஞ்சியத்தை நிரப்பிய உழவனுக்கும் மேசையிலே ஓர் இருக்கை வழங்குதல் வேண்டும்.

காடு பற்றிய விதி மேலும் திருத்தப்பட வேண்டியது. ஆட்டத்தின் நிலப்படத்திலே காடு என்பது அரக்கர் வாழும் வெற்றிடம். வெட்டிக் கைப்பற்றியவனுக்கே அது உரியது. வன்னியிலே காடு என்றும் வெற்றிடமாக இருந்ததில்லை. தேனெடுப்போரும் வேடரும் சேனைப் பயிரிடுவோரும் அதிலே வாழ்ந்தனர். வெற்றிடம் என அரசோ படையோ வரைந்த நிலப்படத்திலே தம் காணியைத் தேடிய அனுபவம் வன்னி மக்களுக்கு உண்டு. அம்மக்களின் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்திலே, காட்டை வெட்ட முற்படும் பிரபு முதலில் அங்குள்ளோரிடம் விடை கேட்க வேண்டும் என்ற ஒரு விதி எழுதப்படுமாயின், அது சிறு விதியாகாது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகளைப் பெறலாம். கதைத்தலைவன் வகுப்பாகும்போது ஆற்றல் நிலைக்கிறது, உறவு உதிர்கிறது. 1974 இன் ஆட்டத்திலே இது பொன்னைப் புள்ளியாக்கிய ஒரு சமூகத்தின் தருக்கத்தோடு இயைந்து நிகழ்ந்தது. கூத்திலே உறவு காக்கப்பட்டது. ஆனால் பாத்திரத்தை ஏற்கும் உரிமை பிறப்பினாற் காவலிடப்பட்டது. கூத்தின் கடனுணர்வும் மேசையின் திறந்த இருக்கையும் ஒன்றுசேர்தல் விரும்பத்தக்கது. 'கந்தன் கருணை'யும் 'சங்கார'மும் பழைய உருவத்தை ஆண்டு அத்திசையிலே முன்னரே நடந்துள்ளன.

இவ்வாட்டத்தை அந்நிய இறக்குமதி எனத் தள்ளுவோரும், உலகப் பொதுமை என ஏற்போரும் ஒரே தவறைச் செய்கின்றனர். விதியை யார் எழுதினர், யாருடைய உழைப்பு அதிலே கணக்கெடுக்கப்படவில்லை என்று இருவரும் கேட்பதில்லை. வன்னி மக்கள் வீரத்தின் விலையைத் தம் உடலாலும் பிள்ளைகளாலும் செலுத்தி அறிந்தவர்கள். அவர்களுக்கு நால்வருக்குச் சமமான வீரன் ஒருவன் இனித் தேவையில்லை. நால்வரும் உயிரோடிருந்து குளத்துக் கட்டைத் திருத்தும் கதையை ஆடத்தக்க விதிகளே தேவை. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் வன்னியின் காத்தவராயன் கூத்துப் பிரதிகளையும், முல்லைத்தீவின் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கோவலன் கூத்தையும், எஞ்சியுள்ள அண்ணாவிமாரின் நினைவிலிருந்து இப்பொழுதே பதிவு செய்தல் வேண்டும். யார் எப்பாத்திரத்தை ஆடினர், யாருக்கு அது மறுக்கப்பட்டது என்பவற்றையும் அப்பதிவிலே சேர்த்தல் அவசியம். அப்பதிவு கைக்கு எட்டிய பின்னரே, அக்கராயன் வாசிகசாலையின் இளைஞர் தமக்கான வகுப்புகளைத் தாமே வகுக்கத் தொடங்க முடியும்.